தரம் பிரிக்கப்படுவது வினாக்களா, பிள்ளைகளா?

புதுதில்லி: தலைநகரின் அரசுப் பள்ளிகளில் 2023-24 கல்வியாண்டில் 9ஆம் வகுப்பில் தோல்வியடைந்த மாணவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 8ஆம் வகுப்பில் தோற்றவர்கள் 46 ஆயிரத்துக்கும் மேல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தக் கணக்கு வெளிவந்தபோது வழக்கமான விவாதமே நடந்தது. அனைவருக்கும் தேர்ச்சி என்ற கொள்கைதான் பிள்ளைகளைக் கெடுத்தது என்றது ஒரு தரப்பு. தேர்ச்சியை நிறுத்தி வைப்பதே ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து துரத்துகிறது என்றது மறுதரப்பு. அந்த ஒரு லட்சம் பேர் எழுதிய வினாத்தாளில் எத்தனை வினாக்கள் எளியவை, எத்தனை நடுத்தரமானவை, எத்தனை கடினமானவை, எந்த வினாவில் அவர்கள் தடுக்கி விழுந்தார்கள் என்பதை இரு தரப்பும் கேட்கவில்லை.

கல்விக் கொள்கையைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசுவோர் பலர். ஒரு வகுப்புத் தேர்வின் வினாத்தாள் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் அரிது. ஆனால் ஒரு மாணவன் தன்னைக் கெட்டிக்காரன் என்றோ மக்கு என்றோ தீர்மானித்துக்கொள்வது கொள்கை ஆவணத்தைப் படித்து அல்ல. மாதந்தோறும் கைக்கு வரும் அந்த இரண்டு பக்கத் தாளைப் பார்த்துத்தான்.

முதலியார் குழுவிலிருந்து புளூபிரிண்ட் வரை

வினாத்தாளுக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வேண்டும் என்ற எண்ணம் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கதையில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952-53ஆம் ஆண்டுகளில் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, மனப்பாடத்தை மட்டுமே அளக்கும் பொதுத் தேர்வு முறையைக் கடுமையாக விமர்சித்தது. பொதுத் தேர்வுகளின் எண்ணிக்கை குறையவேண்டும், மாணவனின் ஆண்டு முழுவதற்குமான பள்ளிப் பதிவுகளுக்கு இடம் தரவேண்டும், எண் மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் குறியீட்டுத் தரம் வழங்கவேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும்.

அதைத் தொடர்ந்து, கற்றல் நோக்கங்களை வகைப்படுத்தி 1956இல் நூல் வெளியிட்ட அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டு, ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார். 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. 1961இல் என்சிஇஆர்டி தோன்றிய பிறகு அந்தப் பணி அதனிடம் சேர்ந்தது. நினைவில் கொள்ளுதல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல் என்று பி.எட். மாணவர்கள் இன்றும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியல் அங்கிருந்து வந்ததே. மனப்பாடத்துக்கு எதிரான பட்டியல் மனப்பாடப் பகுதியாக மாறியது நம் கல்வி முறைக்கே உரிய சாதனை.

ஆசிரியர்கள் 'புளூபிரிண்ட்' என்று வழங்கும் வினாத்தாள் திட்டம் உண்மையில் ஒரு கட்டம் போட்ட தாள்தான். இடப்பக்கம் பாடங்கள். மேற்பக்கம் திறன்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வினா, எத்தனை மதிப்பெண் என்ற எண். அதன் அடியில் தனியே ஒரு வரி: கடினநிலை. எளியவை 20 விழுக்காடு, நடுத்தரம் 60, கடினம் 20 என்பது சிபிஎஸ்இ வினாத்தாள் வடிவமைப்புகளில் நெடுங்காலம் வழங்கிவந்த விகிதங்களில் ஒன்று. பாடத்துக்குப் பாடம் இது சற்று மாறும்.

விகிதம் எழுதுவது எளிது. எது எளிய வினா, எது கடின வினா என்று யார் சொல்வது? வாரியத்தின் தாளில் அதைச் சொல்பவர் அந்தப் பிள்ளைகளை ஒருநாளும் கண்டிராத வினாத்தாள் தயாரிப்பாளர். வகுப்புத் தேர்வில் அதைச் சொல்லக்கூடியவர் வகுப்பாசிரியர். இந்த வேறுபாடே வகுப்புத் தேர்வின் பலம்.

7ஆம் வகுப்பில் பரப்பளவு பாடத்தை எடுத்துக்கொள்வோம். 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள அறையின் பரப்பளவு என்ன என்று கேட்டால் அது எளிய வினா. வாய்பாடு தெரிந்தால் 40 சதுர மீட்டர் என்று விடை வந்துவிடும். 6 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள சதுர ஓடுகள் எத்தனை பதிக்கலாம் என்று கேட்டால், அலகை மாற்றவேண்டும், இரண்டு பரப்பளவுகளைக் காணவேண்டும், பிறகு வகுக்கவேண்டும். விடை 96. இது நடுத்தரம். 20 மீட்டருக்கு 15 மீட்டர் தோட்டத்தைச் சுற்றி வெளிப்புறமாக ஒரு மீட்டர் அகலப் பாதை போட்டால் பாதையின் பரப்பளவு என்ன? இங்கே வாய்பாடு அதேதான். ஆனால் வெளிச் செவ்வகம் 21க்கு 16 அல்ல, 22க்கு 17 என்பதை மாணவன் படம் வரைந்து தானே கண்டுகொள்ளவேண்டும். 374இலிருந்து 300ஐக் கழித்தால் 74 சதுர மீட்டர். ஒரே பாடம், ஒரே வாய்பாடு, மூன்று உயரங்கள்.

கடினம் என்ற பெயரில் பல வினாத்தாள்களில் நடப்பது வேறு. முதல் வினாவையே எடுத்து, 8க்குப் பதில் 23.75 என்றும் 5க்குப் பதில் 17.48 என்றும் போட்டுவிட்டால் அது கடின வினாவாகிவிட்டது என்று கருதுவோர் உண்டு. அங்கே அளக்கப்படுவது பரப்பளவு பற்றிய அறிவு அல்ல, பெருக்கலில் பொறுமை. பாடநூலின் மூலையில் இருக்கும் ஒரு பெட்டிச் செய்தியிலிருந்து ஆண்டையும் பெயரையும் கேட்பது இன்னொரு வகை. தெரிந்தவனுக்கு அது ஐந்து நொடி வேலை, தெரியாதவனுக்கு ஐந்து மணி நேரம் தந்தாலும் பயனில்லை. சிந்தனைக்கு அங்கே வேலையே இல்லை.

மொழியால் வரும் கடினம் இன்னும் கொடியது. தில்லியின் அரசுப் பள்ளிகளில் பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசும் பிள்ளைக்குச் சமஸ்கிருதச் சொற்கள் அடர்ந்த வினாத்தாள் இந்தி பாதி அன்னிய மொழி. ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்தவர்களின் நிலை அதைவிட மோசம். அறிவியல் வினாவுக்கு விடை தெரிந்திருந்தும் வினா புரியாமல் விட்டுச் செல்லும் பிள்ளையின் தாளில் விழும் பூஜ்யம், அறிவியலுக்கு உரியதா, மொழிக்கு உரியதா என்பதை மதிப்பெண் பட்டியல் பிரித்துச் சொல்வதில்லை.

33க்கு ஒரு கதவு, 100க்கு ஒரு கதவு

கடினநிலை விகிதம் என்பது வெறும் கற்பித்தல் நுட்பம் அன்று, அது ஒரு பங்கீடு. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு என்றால், எளிய வினாக்கள் 20 விழுக்காட்டுக்கு மட்டுமே இருக்கும் தாளில், வகுப்பின் கடைசி வரிசை மாணவன் நடுத்தர வினாக்களிலிருந்து 13 மதிப்பெண்ணைப் பிடித்தால்தான் கரையேறுவான். எளியவற்றை 40 ஆக்கினால் அவன் கரையேறிவிடுவான். ஆனால் மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கிடையே வேறுபாடு தெரியாமல் போகும்.

அந்த இரண்டாவது விளைவை நாடே பார்த்தது. 2021 அக்டோபரில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டியலில் பல கல்லூரிகள் சில பாடப்பிரிவுகளுக்கு 100 விழுக்காட்டைக் கட்-ஆப் மதிப்பெண்ணாக அறிவித்தன. நூறு வாங்கியவனுக்கும் தொண்ணூற்றொன்பது வாங்கியவனுக்கும் உள்ள வேறுபாடு திறமையா, ஒரு கணக்குப் பிழையா என்று சொல்ல முடியாத நிலை. மறு ஆண்டே, 2022இல், கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. பள்ளி இறுதித் தேர்வு மேல்தட்டைப் பிரித்துக்காட்டத் தவறியதை நுழைவுத் தேர்வுக்குக் காரணமாகச் சொன்னவர்கள், அதன் விலையைப் பயிற்சி மையங்களுக்குக் கட்டப்போவது யார் என்பதைச் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கமும் நிகழ்ந்திருக்கிறது. 2016 மார்ச்சில் சிபிஎஸ்இ 12ஆம் வகுப்புக் கணிதத் தாள் மிகக் கடினம் என்ற புகார் நாடாளுமன்றம் வரை சென்றது. தாள்களின் கடினநிலை வேறுபாட்டை ஈடுகட்ட வாரியங்கள் மதிப்பெண்ணைக் கூட்டித் தரும் 'மாடரேஷன்' முறையை 2017 ஏப்ரலில் கைவிட முடிவெடுத்தபோது, அந்த ஆண்டு மாணவர்களுக்கு இடைநடுவில் விதியை மாற்றக்கூடாது என்று தில்லி உயர்நீதிமன்றம் தடுத்தது. 2024 நவம்பரில் பிரயாக்ராஜ் நகரில் உத்தரப் பிரதேசத் தேர்வாணையத்தின் முன் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டதும் இதே கேள்விக்காகத்தான். வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு தாள்களை எழுதியவர்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்தும் முறையை அவர்கள் ஏற்கவில்லை. 2025 மே 30 அன்று நீட் முதுநிலைத் தேர்வை ஒரே வேளையில் நடத்த உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், எந்த இரு வினாத்தாள்களும் ஒரே அளவு கடினமாக இருப்பதாகச் சொல்ல முடியாது என்பதைக் காரணமாகக் கூறியது. நிபுணர் குழு அமைத்துத் தயாரிக்கும் தாள்களுக்கே இந்த நிலை என்றால், ஞாயிறு இரவு ஒரு ஆசிரியர் தனியே எழுதும் தாளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

திருத்துவதிலும் இதே சிக்கல் தொடர்கிறது. மேலே கண்ட பாதைக் கணக்கில் வெளிச் செவ்வகத்தைச் சரியாகக் கண்டு, பெருக்கலில் பிழைவிட்ட மாணவனுக்கு எத்தனை மதிப்பெண்? சிபிஎஸ்இ பொதுத் தேர்வின் விடைக்குறிப்பு இதில் தெளிவானது. படிக்குப் படி மதிப்பெண் தரவேண்டும், ஒரு பிழைக்கு ஒருமுறைதான் மதிப்பெண்ணைக் குறைக்கலாம், அதன் தொடர் விளைவுகளுக்குக் குறைக்கக்கூடாது. வகுப்புத் தேர்வில் பல ஆசிரியர்கள் இறுதி விடையை மட்டும் பார்த்துச் சிவப்புக் கோடு போட்டுவிடுகிறார்கள். கடின வினாவில் பாதி தூரம் வந்தவனும் வினாவைத் தொடாதவனும் அங்கே சமம். கடின வினாவைத் துணிந்து தொட்டதற்கு ஒரு பலனும் இல்லை என்பதை அந்தப் பிள்ளை ஒரே தேர்வில் கற்றுக்கொள்கிறது.

மதிப்பெண்ணை எழுத்துத் தரமாக மாற்றினால் இது தீரும் என்று நம்பிய காலமும் உண்டு. 2009-10இல் தொடங்கி 2017இல் முடிவுக்கு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்ற படிக்கட்டு இருந்தது. இப்போதைய பொதுத் தேர்வில் ஏ1 என்பதற்குப் பொருளே வேறு. தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு அது வழங்கப்படுகிறது. முன்னது மாணவன் எவ்வளவு கற்றான் என்பதைக் குறித்தது. பின்னது அவன் எத்தனை பேரை முந்தினான் என்பதைக் குறிக்கிறது. சான்றிதழில் இரண்டும் ஒரே எழுத்து.

தேர்வுக்குப் பின் நடக்காதது

ஒரு வினா உண்மையில் எவ்வளவு கடினம் என்பதைத் தேர்வுக்கு முன் ஊகிக்கத்தான் முடியும். தேர்வுக்குப் பின்னரே அறிய முடியும். 40 பேர் கொண்ட வகுப்பில் 34 பேர் சரியாக எழுதினால் வினா எளியது, 8 பேர் எழுதினால் கடினமானது. அத்துடன் வகுப்பின் முதல் 10 பேரையும் கடைசி 10 பேரையும் தனியே எண்ணவேண்டும். முதல் பத்தில் 9 பேரும் கடைசிப் பத்தில் 3 பேரும் சரியாக எழுதிய வினா, நன்கு பிரித்தறியும் வினா. முதல் பத்தில் 4 பேர், கடைசிப் பத்தில் 5 பேர் என்று வந்தால் வினாவிலேயே பிழை அல்லது பாடம் நடத்தியதிலேயே பிழை. இதற்குக் கணினி தேவையில்லை, ஒரு கோடுபோட்ட தாள் போதும்.

ஆயினும் இது பெரும்பாலான பள்ளிகளில் நடப்பதில்லை. ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்குப் பிரிவுக்கு 40 பேர் என்றால் 200 விடைத்தாள்கள். தாளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் ஏறத்தாழ 17 மணி நேரம். அது முடிந்ததும் மதிப்பெண்ணை இணையத்தில் ஏற்றவேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. அந்த விதிவிலக்கே போதுமானதாயிருக்கிறது. 2025இல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாகச் சென்றவர்களில் ஆசிரியர்கள் கணிசம்.

வினாத்தாள் எழுதும் உரிமையும் ஆசிரியரின் கையில் முழுமையாக இல்லை. தில்லி அரசுப் பள்ளிகளின் முக்கியத் தேர்வுகளுக்கு வினாத்தாள் கல்வி இயக்ககத்திலிருந்தே வருகிறது. சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பில் ஆசிரியர் தாமே நடத்தும் எழுத்துத் தேர்வுகளுக்கு, 100 மதிப்பெண்ணில் கிடைத்திருக்கும் இடம் 5. அந்த ஐந்துக்காகப் புளூபிரிண்ட் போட்டு, வினாக்களைத் தரம் பிரித்து, பின்னர் பகுத்தாய்வும் செய்வார் என்று எதிர்பார்ப்பது பேராசை.

வினாவைத் தரம் பிரிப்பது கடினமாகிப்போன இடத்தில் பிள்ளையைத் தரம் பிரிப்பது சுலபமாக நுழைகிறது. 2016இல் தில்லி அரசு 'சுனௌத்தி' என்ற திட்டத்தைத் தொடங்கி, 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களை வாசிப்புத் திறனின்படி பிரித்து அமரவைத்தது. முன்னிலையில் இருப்போர் 'பிரதிபா', கூடுதல் உதவி தேவைப்படுவோர் 'நிஷ்டா'. முன்னது திறமை, பின்னது ஈடுபாடு. பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் தான் எந்தப் பக்கம் என்பது பிள்ளைக்குத் தெரியாமல் போவதில்லை.

திட்டத்தின் பின்னால் இருந்த காரணம் பொய்யன்று. ஏசர் 2024 ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 5ஆம் வகுப்பு மாணவர்களில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 44.8 விழுக்காடுதான். 2022இல் அது 38.5 ஆக இருந்தது. இந்த ஆய்வின் வாசிப்புச் சோதனை கடினநிலை வரிசைக்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலில் ஒரு சிறு பத்தி தரப்படும். அதை வாசித்தால் கதைக்கு ஏறலாம், இயலாவிட்டால் சொற்களுக்கும் எழுத்துக்களுக்கும் இறங்கலாம். முடிவில் கிடைப்பது தேர்ச்சி, தோல்வி என்ற தீர்ப்பு அல்ல, பிள்ளை நிற்கும் படி. நின்ற படியிலிருந்து மேலேற்றுவதற்காகச் சில வாரங்கள் குழு பிரிப்பது ஒன்று. ஆண்டு முழுவதும் தனிப் பிரிவில் உட்காரவைப்பது முற்றிலும் வேறொன்று. அப்படிப் பிரிக்கும்போது கீழ்ப்பிரிவில் எந்தெந்தக் குடியிருப்புகளின், எந்தெந்தச் சமூகங்களின் பிள்ளைகள் மிகுந்திருப்பார்கள் என்பதை இந்திய வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

தேசிய அளவில் இதே பாதையில் வந்ததுதான் 10ஆம் வகுப்புக் கணிதத்தின் இரு நிலைகள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு இரு நிலைத் தேர்வு என்ற கருத்தை முன்வைத்திருந்தது. 2020 பொதுத் தேர்விலிருந்து 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என இரு தாள்கள் வந்தன. பாடத்திட்டம் ஒன்று, வகுப்பறை ஒன்று. வேறுபாடு வினாக்களின் உயரத்தில்தான். 80 மதிப்பெண்ணில் நினைவும் புரிதலும் சார்ந்த வினாக்களுக்கு ஸ்டாண்டர்டு தாளில் 54 விழுக்காடு, பேசிக் தாளில் 75. பகுத்தாய்ந்து புதிதாகச் சிந்திக்கும் வினாக்களுக்கு முன்னதில் 22, பின்னதில் 10. பேசிக் எழுதினால் 11ஆம் வகுப்பில் கணிதம் எடுக்க முடியாது என்பது தொடக்க விதி. பெருந்தொற்றுக் காலத்தில் அது தளர்த்தப்பட்டது. 15 வயதில், பெரும்பாலும் பள்ளியின் தேர்ச்சி விகிதக் கவலையோடு சேர்ந்து எடுக்கப்படும் அந்தத் தேர்வு, பொறியியல் கல்லூரியின் கதவைச் சாத்தவும் கூடும் என்பதை எத்தனை பெற்றோர் அறிந்திருப்பார்கள்?

இந்தச் சூழலில்தான் 5ஆம், 8ஆம் வகுப்புகளில் தேர்ச்சி நிறுத்தம் மீண்டும் வந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதிகளை வெளியிட்டு, கேந்திரிய வித்யாலயா உள்ளிட்ட தன் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. 2020 பிப்ரவரியிலேயே 5, 8ஆம் வகுப்புப் பொதுத் தேர்வு அறிவிப்பைத் திரும்பப் பெற்றிருந்த தமிழகம், இந்த முறையும் பழைய நிலையே தொடரும் என்று கூறிவிட்டது.

புதிய விதிகளின்படி, தோற்ற மாணவனுக்கு முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு நடத்தவேண்டும். தேர்வு மனப்பாடத்தை அல்லாமல் திறனை அளப்பதாக இருக்கவேண்டும். அதிலும் தவறி அதே வகுப்பில் நிறுத்தப்படும் பிள்ளையின் கற்றல் இடைவெளிகளை வகுப்பாசிரியர் கண்டறிந்து உதவவேண்டும், தலைமையாசிரியர் பட்டியல் வைத்துக் கண்காணிக்கவேண்டும். இடைவெளியைக் கண்டறிய ஆசிரியரிடம் இருக்கும் ஒரே கருவி, அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் எழுதிய வகுப்புத் தேர்வுத் தாள்கள். எந்த வினாவில், எந்தப் படியில், எதனால் நின்றது என்று அவற்றிலிருந்து வாசிக்கும்படி அந்தத் தேர்வுகள் அமைக்கப்பட்டிருந்தால் இரண்டு மாதம் போதும். 100க்கு 27 என்ற எண் மட்டுமே பதிவேட்டில் இருந்தால், மறுதேர்வுக்கும் அதே பிள்ளை, அதே தாள், அதே 27.